ஸ்போர்ட்டி பெட்ரோல் ஹேட்ச்பேக்: தாளில் 14, தினசரி ஓட்டத்தில் 9. கோளாறா, வழித்தடமா?

ஆறாவதுகியர்:

வணக்கம் நண்பர்களே. வண்டி 1.6 லிட்டர் டர்போ பெட்ரோல், டைரக்ட் இன்ஜெக்‌ஷன், 200 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். டயர் 215/40 ஆர்18. ஆள் ஏறாத எடை 1,200 கிலோவுக்குச் சற்று மேல். ஓடியது 38,000 கி.மீ.

டபிள்யூஎல்டிபி (வண்டியின் எரிபொருள் செலவை ஆய்வகத்தில் அளக்கும் சோதனை) கூட்டு எண் 100 கி.மீ.க்கு 7.0 லிட்டர் என்று போட்டிருக்கிறார்கள், அதாவது லிட்டருக்கு 14.3 கி.மீ. எனக்குக் கிடைப்பது இது:

வீட்டிலிருந்து அலுவலகம் (ஒரு வழி 7 கி.மீ., முழுக்க நகரம், ஏசி எப்போதும் ஓடும்): ட்ரிப் கம்ப்யூட்டர் லிட்டருக்கு 9.9 கி.மீ. காட்டுகிறது, டேங்க் நிரப்பிக் கணக்குப் போட்டால் 9.2 தான். சராசரி வேகம் மணிக்கு 19 கி.மீ. என்று வருகிறது.

நெடுஞ்சாலையில் 100-ஐ ஒட்டி நிலையாகப் போனால்: 15 பக்கம்.

என் கேள்விகள்: 14.3-க்கும் 9.2-க்கும் இவ்வளவு இடைவெளி இருப்பது இயல்பா, அல்லது வண்டியில் ஏதாவது பார்க்க வேண்டுமா? கால் மெதுவாக வைத்தால் எவ்வளவு மாறும்? இறக்கத்தில் நியூட்ரலில் விடலாமா? உயர் ஆக்டேன் பெட்ரோல், சிறிய வீல், இவற்றால் பலன் உண்டா?

---

அளவுகோல்:

காரணம் தேடுவதற்கு முன் எண் சரியா என்று பார்ப்போம். 9.9, 9.2 என்ற வித்தியாசத்தில் பயப்பட ஒன்றுமில்லை. ட்ரிப் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளப்பதே இல்லை. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது, அப்போது அழுத்தம் எவ்வளவு என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது. அது ஐந்து முதல் எட்டு சதவீதம் வரை தாராளமாகச் சொல்வது சாதாரணம். உங்கள் வண்டியின் கணினி எத்தனை சதவீதம் கூட்டிச் சொல்கிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும், பிறகு அதையே கழித்துப் படிக்கலாம்.

டேங்க் முறையிலும் ஓட்டை உண்டு. முதல் தடவை நாசில் தானாக வெட்டியதும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் ஒரு சொட்டும் அழுத்தி ஏற்ற வேண்டாம். முடிந்தவரை அதே பங்கில், அதே பம்பில், வண்டி அதே பக்கம் பார்த்து நிற்கட்டும். தரை கொஞ்சம் சாய்ந்திருந்தாலோ நாசில் சீக்கிரம் வெட்டினாலோ ஒரு லிட்டர் எளிதாக மாறிவிடும். 30 லிட்டர் நிரப்பும்போது ஒரு லிட்டர் பிழை என்றால் 3 சதவீதத்துக்கு மேல். அதனால் ஒரே டேங்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். நாலு டேங்கின் மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள்.

இங்கே பலரும் தவறும் இடம் ஒன்று: தனித்தனி மைலேஜைக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. 100 கி.மீ. நகரத்தில் 10, அடுத்த 100 கி.மீ. சாலையில் 14 கிடைத்தால் சராசரி 12 இல்லை. செலவானது 10 + 7.14 லிட்டர். 200-ஐ அதால் வகுத்தால் 11.67.

இதனால்தான் எல்லாக் கணக்கையும் 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று போடச் சொல்கிறேன். மைலேஜ் 9-லிருந்து 10 ஆனால் 100 கி.மீ.க்கு 1.1 லிட்டர் மிச்சம். 15-லிருந்து 16 ஆனால் 0.4 லிட்டர்தான். கண்ணுக்கு இரண்டும் "ஒரு கிலோமீட்டர் கூடியது" என்று தெரியும், ஆனால் நகரத்தில் கூடும் ஒன்று அதைவிட இரண்டரை மடங்கு பெறும்.

ஓடோமீட்டரையும் ஒருமுறை சோதியுங்கள். நேரான சாலையில் 50 கி.மீ. ஜிபிஎஸ் தூரத்தோடு ஒப்பிட்டால் போதும். ஸ்பீடோமீட்டர் கூட்டிக் காட்டுவது வேறு விஷயம், அதை இதோடு குழப்ப வேண்டாம். புது டயரில் 8 மி.மீ. பட்டன் ஆழம், தேய்ந்தபின் 2 மி.மீ. என்றால் விட்டம் 12 மி.மீ. குறைகிறது. உங்கள் அளவுக்கு அது கிட்டத்தட்ட 2 சதவீதம். தேய்ந்த டயரில் ஓடோமீட்டர் ஓடாத தூரத்தையும் ஓடியதாக எழுதும்.

---

டார்க்வளைவு:

நீங்கள் கொடுத்த தகவலில் எல்லாவற்றையும்விட முக்கியமானது அந்த 19 கி.மீ. சராசரி வேகம். மைலேஜைக் கேட்கும் யாரிடமும் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

டபிள்யூஎல்டிபி சோதனை என்பது 30 நிமிடம், 23.25 கி.மீ., சராசரி 46.5 கி.மீ. வேகம், உச்சம் 131. குளிர்ந்த எஞ்சின் ஒரே ஒரு தடவைதான். ஏசி அணைந்திருக்கும். நீங்கள் அதே 23 கி.மீ. ஓட்டுவதற்கு மூன்று தடவை குளிர்ந்த எஞ்சினை எழுப்புகிறீர்கள், ஏசியோடு, பாதிக்கும் குறைவான வேகத்தில். அந்தச் சோதனைக்குள்ளேயே "குறைந்த வேகம்" என்ற முதல் கட்டம் இருக்கிறது: 3.1 கி.மீ., 589 விநாடி. வகுத்துப் பாருங்கள், சராசரி 19 வரும், உங்கள் எண்ணேதான். வண்டியின் இணக்கச் சான்றிதழில் நாலு கட்டத்துக்கும் தனித்தனி எண் இருக்கும். ஒப்பிட வேண்டியது கூட்டு எண்ணோடு அல்ல, அந்த முதல் கட்டத்தோடு. இந்த வகை வண்டிகளில் அது கூட்டு எண்ணைவிட மூன்றில் ஒரு பங்காவது அதிகமாக இருப்பது வழக்கம். 7.0 லிட்டர், ஏசி இல்லாமலேயே 9.3 பக்கம் போய்விடும்.

இனி உங்கள் 9.2-ஐப் பிரித்துப் பார்ப்போம். அது 100 கி.மீ.க்கு 10.9 லிட்டர். 19 கி.மீ. வேகத்தில் 100 கி.மீ. போக ஐந்தேகால் மணி நேரம் ஆகிறது. ஓட்டுநரோடு 1,350 கிலோ என்று வைத்துத் தோராயமாக:

எஞ்சின் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள மட்டும் மணிக்கு 0.7 லிட்டர் குடிக்கும். ஐந்தேகால் மணிக்கு 3.5-க்கு மேல். நகரும்போது ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) ஐடிலைவிட, அதாவது சும்மா நின்று ஓடுவதைவிட, அதிகம் என்பதால் இன்னொரு 1 லிட்டர். ஏசி கம்ப்ரசர் 1 கிலோவாட், விளக்கு, ஃபேன் போன்ற மின்சுமை 0.3 கிலோவாட் என்று வைத்தால் 2 லிட்டர். டயர் உருள்வதற்கு 1.5. காற்றைத் தள்ள வெறும் 0.3. பிரேக்கில் சூடாகப் போவது, கிலோமீட்டருக்கு ஒன்றரைத் தடவை 45-லிருந்து நிற்பதாக எடுத்தால், 1.5. குளிர்ந்த எஞ்சினுக்குத் தண்டமாக, 14 பயணத்துக்குச் சேர்த்து 1 லிட்டர். கூட்டினால் 10.8.

இதில் பாதிக்கு மேல் தூரத்தோடு சம்பந்தமே இல்லாத செலவு. நேரத்துக்கு ஆகும் செலவு. வண்டி நின்றாலும் ஓடினாலும் மணிக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் ஏசி பற்றி "ஒரு கிலோமீட்டர்தான் குறையும்" என்று ஒருவரும் "மூன்று குறையும்" என்று இன்னொருவரும் சொல்வது, இரண்டும் உண்மை. அதே 1 கிலோவாட் கம்ப்ரசர் 100 கி.மீ. வேகத்தில் 100 கி.மீ.க்கு 0.3 முதல் 0.4 லிட்டர் எடுக்கும், 19 கி.மீ. வேகத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுக்கும்.

நெடுஞ்சாலையில் கதை தலைகீழ். அங்கே நேரச் செலவு சுருங்கி, காற்று முன்னுக்கு வருகிறது. இதே வண்டிக்கு, ஏசியோடு, சமதளத்தில், காற்றில்லாத நாளில் கணக்குப் போட்டால் நிலையான 80-ல் லிட்டருக்கு 18, 100-ல் 15, 120-ல் 12.5 சுற்றி வரும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது: 100-ல் 325 நியூட்டன் இருந்தது 120-ல் 465 ஆகிறது. உங்களுக்கு 100-ஐ ஒட்டி 15 வருகிறது என்றால் எஞ்சின் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கிறது.

"ஸ்போர்ட்டி" என்பதற்கு எவ்வளவு தண்டம்? நினைப்பதைவிடக் குறைவு. அகலமான ஒட்டும் டயர், குட்டையான கியர் விகிதம், கொஞ்சம் கூடுதல் எடை என்று எல்லாம் சேர்ந்து 100 கி.மீ.க்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர். முழு ஆக்சிலரேட்டரில் உச்சத்திறனில் வைத்தால் மட்டும் கணக்கு வேறு. 150 கிலோவாட்டுக்கு மணிக்கு 60 லிட்டர் வாக்கில், அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டர். அங்கே டர்போவையும் கேட்டலிஸ்ட்டையும் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) சூட்டிலிருந்து காக்க, எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூ கலவையில் பெட்ரோலைக் கூட்டிக் கொழுப்பாக்குகிறது. நகரத்தில் அந்த நிலையில் எத்தனை விநாடி இருப்பீர்கள்?

---

மெல்லியகால்:

மேலே சொன்ன பட்டியலில் ஓட்டுபவர் கையில் இருப்பது பிரேக், ஐடில், ஆர்பிஎம் மூன்றும்தான். "ஆக்சிலரேட்டரை முட்டை மேல் கால் வைப்பதுபோல் மிதி" என்று எல்லோரும் சொல்வார்கள். டர்போ பெட்ரோலில் அது பாதி உண்மை.

45-லிருந்து ஒரு தடவை நின்று கிளம்ப 10 மில்லி. 60-லிருந்து என்றால் 18. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினாலே செலவு முக்கால் பங்கு கூடுகிறது. சிவப்பு விளக்கு 200 மீட்டர் முன்னால் தெரியும்போது 60-க்கு ஏற்றி அங்கே போய் மிதிப்பதுதான் நகர மைலேஜைத் தின்கிறது. ஏறியது எவ்வளவு வேகமாக என்பது இரண்டாம்பட்சம். 0-விலிருந்து 100 வரை முழு மூச்சில் ஒரு தடவை போக 60 முதல் 70 மில்லி ஆகும். அதில் 50 மில்லி மெதுவாக ஏறியிருந்தாலும் ஆகியிருக்கும். அடுத்த வளைவிலேயே பிரேக் போட்டால் முழுதும் போச்சு.

கிளம்பும்போது மிதி பாதி அளவு, 2,000 முதல் 2,300-க்குள் அடுத்த கியர். மூன்றாவதிலிருந்து ஐந்தாவதுக்குத் தாவினாலும் தவறில்லை, வேகம் அதற்கு ஏற்ப இருந்தால். தேவையான வேகம் வந்ததும் உடனே மேல் கியர், காலைத் தளர்த்தி அதே வேகத்தில் பிடித்துவையுங்கள். ஊர்ந்து ஊர்ந்து இரண்டாவது கியரில் நெடுநேரம் ஏறுவதைவிட இது குறைவாகவே குடிக்கும். மிதியை லேசாக மட்டும் திறந்து ஓட்டும்போது பெட்ரோல் எஞ்சின் திராட்டில் என்ற காற்று வாசலின் அடைப்பைத் தாண்டிக் காற்றை இழுக்கவே பாடுபடும். நடுத்தரச் சுமையில்தான் அது நன்றாக வேலை செய்யும்.

நியூட்ரல் பற்றி: நிற்கப் போகிறீர்கள் என்றால் கியரிலேயே விட்டுக் காலை எடுங்கள். 1,200 முதல் 1,500 ஆர்பிஎம்முக்கு மேல் இன்ஜெக்டர் முழுக்க மூடிக்கொள்ளும், செலவு பூஜ்யம். நியூட்ரலில் விட்டால் ஐடிலுக்காக மணிக்கு 0.7 லிட்டர் வீதம் போய்க்கொண்டிருக்கும், பிரேக்குக்கும் வேலை கூடும். நிற்கத் தேவையில்லாத, நீண்ட மிதமான சரிவில் நியூட்ரல் கொஞ்சம் தூரம் கூட்டித் தரும் என்பது கணக்குப்படி உண்மைதான். ஆனால் செங்குத்தான இறக்கத்தில் பிரேக் சூடாகும், அவசரத்துக்கு வண்டியை இழுத்து மீட்க கியர் இருக்காது. கிடைக்கும் சில மில்லிக்கு அந்த ஆபத்து தகாது.

சிக்னலில் 10 விநாடிக்கு மேல் நிற்பது உறுதியானால் எஞ்சினை அணைப்பது லாபம். ஆட்டோ ஸ்டாப் வேலை செய்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் சூடாகும்வரை அது இயங்காது. கேபின் இன்னும் குளிரவில்லை என்றாலும், பேட்டரி வலு குறைந்திருந்தாலும் இயங்காது. பல நாளாக அது மௌனமாக இருந்தால் பேட்டரியைச் சோதிக்க வேண்டிய நேரம்.

வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் ஜன்னலை எல்லாம் இறக்கி ஒரு நிமிடம் ஓட்டிச் சூட்டை வெளியே தள்ளிவிட்டு ஏசி போடுங்கள். பிறகு உள்சுழற்சியில் வையுங்கள். கம்ப்ரசர் முழுப் பாரத்தில் ஓடும் நேரம் குறையும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் உங்கள் வழியில் 9.2 பத்தேகால், பத்தரை ஆகலாம். 14 ஆகாது.

---

ஸ்பேனர்:

கால் வித்தை எல்லாம் இருக்கட்டும், வண்டியில பார்க்க வேண்டியத வரிசையா சொல்றேன். கடைல விடுறதுக்கு முன்னாடி நீங்களே பார்க்கக்கூடியது நிறைய இருக்கு.

மேல சொன்னதுல ஒரு திருத்தம் மட்டும். சீக்கிரம் கியர் மாத்துங்க, ஆனா 1,500-க்குக் கீழ வச்சுக்கிட்டு மிதிய ஆழமா அழுத்தாதீங்க. எஞ்சின் முக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போவுல இந்த இடத்துலதான் பிளக் பொறி விடுறதுக்கு முன்னாடியே கலவை தானா பத்திக்கும், பிஸ்டன் வளையம் இருக்கற பள்ளமே உடையற அளவுக்கு அழுத்தம் ஏறும். இதுக்காகத்தான் ஏபிஐ ஆயில் தர வகுப்புல எஸ்என் பிளஸ் 2018-லயும், எஸ்பி 2020-லயும் வந்துது. ஆயில் டப்பால எஸ்பின்னு இருக்கான்னு பாருங்க. தடிமனும் கையேட்டுல உள்ளதுதான். 5டபிள்யூ-30 சொன்ன எஞ்சினுக்கு "ஸ்போர்ட்ஸ் வண்டி, கெட்டி ஆயில் நல்லது"ன்னு 10டபிள்யூ-40 ஊத்தினா ஒண்ணு ரெண்டு சதவீதம் மைலேஜ் போகும், உங்கள மாதிரி 7 கி.மீ. ஓட்டத்துல இன்னும் கூட. 5டபிள்யூ-30 ஆயிலோட கெட்டித்தன்மையே 40 டிகிரியில 60 சென்டிஸ்டோக்ஸ் பக்கம், 100 டிகிரியில 10 பக்கம். கூலண்ட் (எஞ்சின் சூட்ட எடுத்துட்டுப் போற திரவம்) நாலு கிலோமீட்டர்ல சூடாயிடும், ஆயில் முழுசா சூடாகறதுக்குள்ள நீங்க ஆபீஸ் போயிடுவீங்க. ரெண்டு மூணு வேலைய ஒரே ஓட்டத்துல முடிச்சா அந்தத் தண்டம் ஒரு தடவையோட போகும்.

டயர் காத்து: வண்டி ஓடாம ஆறி இருக்கும்போது, கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல உள்ள அளவு. 20 சதவீதம் குறைஞ்சா உருளல் தடை 10 சதவீதம் பக்கம் ஏறும். நகரத்துல 100 கி.மீ.க்கு 0.15 லிட்டர்தான், ஆனா 40 தொடர் டயர்ல காத்து குறைவா ஓட்டினா பள்ளத்துல ரிம் வளையும், அது பெரிய செலவு.

பிரேக் பிடிச்சுக்கிட்டே இருக்கா: பிரேக் அதிகம் போடாம 10 கி.மீ. ஓட்டிட்டு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர்ல நாலு டிஸ்க்கும் பாருங்க. ஒரே ஆக்ஸில்ல இடது வலது 20 டிகிரி வித்தியாசம்னா சந்தேகம். ஜாக்கி போட்டு கையால சுத்தணும், லேசான உரசல் சத்தம் பரவாயில்ல, கை எடுத்த உடனே நிக்கக் கூடாது. பின்னாடி காலிப்பர்ல ஹேண்ட்பிரேக் லீவர் முழுசா திரும்பாம நிக்கறதும், ஸ்லைடு பின் காஞ்சு போறதும்தான் வழக்கமான கோளாறு. பின்ன கழட்டி, துடைச்சு, சிலிக்கான் கிரீஸ் வச்சா சரியாயிடும்.

அலைன்மென்ட்: டயரோட உள் ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா டோ கோணம் (சக்கரம் நேரா பார்க்காம உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கற அளவு) தப்பா இருக்கலாம். அப்படின்னா உருளறதுக்குப் பதிலா டயர் இழுபட்டுக்கிட்டு ஓடுது.

ஓபிடி கருவி (வண்டி கணினியோட எண்களப் படிக்கற ஸ்கேனர்) ஒண்ணு போட்டு மூணு எண் எழுதி அனுப்புங்க: எஞ்சின் முழுசா சூடானப்புறம் கூலண்ட் வெப்பம் (நகரத்துல தனியா, நெடுஞ்சாலையில தனியா), லாங் டெர்ம் ஃப்யூவல் ட்ரிம் (பெட்ரோல் அளவுல ஈசியூ நிலையா செய்யற திருத்தம், சதவீதத்துல), ஐடில்ல ஷார்ட் டெர்ம் ட்ரிம் (அந்த நேரத்துத் திருத்தம்). ட்ரிம் ரெண்டும் சேர்ந்து பிளஸ் மைனஸ் 5-க்குள்ள இருந்தா நிம்மதி. 10 தாண்டினா தேடணும். பிளஸ் பக்கம்னா காத்துக் கசிவு, மைனஸ் பக்கம்னா இன்ஜெக்டர் ஒழுகல், இல்லன்னா டேங்க் ஆவிய இழுக்கற பர்ஜ் வால்வு திறந்தே நிக்குது. பிளஸ் 10 காட்டுதுன்னா 10 சதவீதம் பெட்ரோல் கூட எரியுதுன்னு அர்த்தமில்ல, ஈசியூ தன் கணக்க அவ்வளவு திருத்துதுன்னு மட்டும்தான் அர்த்தம்.

ஏர் ஃபில்டர் மாத்தினா மைலேஜ் ஏறும்னு கார்புரேட்டர் காலத்துல சொன்னது. ஆக்சிஜன் சென்சார் இருக்கற எஞ்சின்ல அழுக்கு ஃபில்டர் இழுவையைக் குறைக்கும், மைலேஜ் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். பிளக் மட்டும் கையேட்டுல சொன்ன தூரத்துல மாத்திடுங்க.

---

ஆறாவதுகியர்:

நிறையத் தெளிவு கிடைத்தது, நன்றி. ஓபிடி எண்கள்: நகரத்தில் கூலண்ட் 88 முதல் 91 டிகிரி. நெடுஞ்சாலையில் நிலையாக 90 கி.மீ. வேகத்தில் போகும்போது 75, 76 டிகிரிக்கு இறங்குகிறது, நெரிசலில் நின்றால் மறுபடி ஏறுகிறது. லாங் டெர்ம் ட்ரிம் பிளஸ் 3. ஐடிலில் ஷார்ட் டெர்ம் ஒன்றிரண்டுக்குள் ஆடுகிறது. டிஸ்க் நாலும் ஒரே மாதிரி சூடு. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. வீல், பெட்ரோல் கேள்விகள் பாக்கி இருக்கின்றன.

---

டார்க்வளைவு:

பெட்ரோல் முதலில். டேங்க் மூடியில் 95 என்றிருந்தால் 95 போடுங்கள். அதைவிடக் குறைந்த ஆக்டேன் போட்டால் நாக் சென்சார் (கலவை தாறுமாறாகத் தானே வெடிப்பதை உணரும் கருவி) பொறி நேரத்தைப் பின்தள்ள வைக்கும், அதே வேலைக்கு அதிகப் பெட்ரோல் ஆகும். வெயில் காலத்தில், ஏற்றத்தில், சுமையோடு போகும்போது இது நன்றாகத் தெரியும். 98-க்கும் சேர்த்து ஈசியூவில் வரைபடம் வைத்திருக்கும் எஞ்சின்களில் 98 போட்டால் மேல்சுமையில் இழுவை கூடும். மெதுவான நகர ஓட்டத்தில் நாக்கிங் எல்லையையே எஞ்சின் தொடுவதில்லை, அதனால் அங்கே மைலேஜ் மாற்றத்தைத் தேடாதீர்கள்.

எத்தனால்தான் ஆக்டேனைவிட மைலேஜை அதிகம் அசைப்பது. பெட்ரோலில் லிட்டருக்கு 32 மெகாஜூல், எத்தனாலில் 21. ஆக 10 சதவீதக் கலவையில் ஆற்றல் 3 சதவீதத்துக்கு மேல் குறைவு, 20 சதவீதத்தில் 6 முதல் 7 சதவீதம் குறைவு. பங்கு மாற்றியதும் மைலேஜ் மாறியது என்றால் முதலில் கலவை விகிதம் ஒன்றா என்று பாருங்கள்.

வீல் விஷயத்தில் அளவைவிட டயரின் ரகம் முக்கியம். ஐரோப்பிய லேபிளில் உருளல் தடைக்கு ஏ முதல் இ வரை வகுப்பு. பி என்றால் டன் எடைக்கு 6.6 முதல் 7.7 கிலோ தடை, இ என்றால் 10.6-க்கு மேல். இ-யிலிருந்து பி-க்கு மாறினால் இந்த எடைக்கு 100 கி.மீ.க்கு 0.4, 0.5 லிட்டர் மிச்சம். மேலே பேசிய எந்தப் பாகத்தை மாற்றினாலும் இவ்வளவு கிடைக்காது. ஆனால் இந்த வண்டியை வாங்கியதே வளைவில் அது நிற்கும் விதத்துக்காக என்றால் அதே லேபிளில் ஈரப்பிடி எழுத்தையும் படித்துவிட்டு முடிவெடுங்கள். என் கருத்தில், பிடியை விற்று அரை லிட்டர் வாங்குவது இந்த வண்டிக்குச் செய்யும் அநியாயம். நடுவில் சி வகுப்பில், ஈரப்பிடி ஏ உள்ள டயர்கள் கிடைக்கின்றன.

17 அங்குலத்துக்கு இறங்கினால் 205/45 ஆர்17 போடலாமா என்பார்கள். விட்டம் 616 மி.மீ., உங்களுடைய 215/40 ஆர்18 629 மி.மீ. 2 சதவீதம் சிறியது. ஓடோமீட்டர் 2 சதவீதம் கூட்டிக் காட்டும், வாங்கிய அன்றே மைலேஜ் ஏறியதாகத் தோன்றும். உண்மையில் அதே வேகத்துக்கு எஞ்சின் 2 சதவீதம் கூடுதலாகச் சுற்றுகிறது. முன் டிஸ்க்கும் காலிப்பரும் பெரிதாக இருப்பதால் ரிம் உள்ளே இடிக்காதா என்பதையும் அளந்தே வாங்க வேண்டும்.

டிக்கியில் 50 கிலோ தேவையில்லாமல் கிடந்தால் நகரத்தில் 0.1 லிட்டர். எடுத்து வைத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

---

ஸ்பேனர்:

ட்ரிம் அருமை, டிஸ்க் அருமை. அந்த 75 டிகிரிதான் சரியில்ல. தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகற வரை கூலண்ட ரேடியேட்டருக்கு விடாம அடைக்கற வால்வு) முழுசா மூடாம நிக்குதுன்னு சொல்லுவேன். நெரிசல்ல காத்து படாததால சூடு தேங்கி 90 காட்டும், குறை வெளிய தெரியாது. நெடுஞ்சாலையில ரேடியேட்டர் மேல காத்து அடிச்சதும் இறங்கிடும். நல்ல தெர்மோஸ்டாட் அங்கயும் பிடிச்சு வைக்கணும். சில எஞ்சின்ல மின்சாரத்தால இயங்கற தெர்மோஸ்டாட் இருக்கும், அது அதிக பாரத்துல வேணும்னே 80 பக்கம் இறக்கும். ஆனா லேசான மிதியில நிலையா 90-ல போகும்போது 75 வராது.

விளக்கு எரியலங்கறதால ஒண்ணுமில்லன்னு நினைக்காதீங்க. பி0128 கோட் (கூலண்ட் போதுமான சூடு ஏறலன்னு சொல்ற பிழைக் குறி) வர்றதுக்கு, குறிப்பிட்ட நேரத்துக்குள்ள கூலண்ட் குறிப்பிட்ட அளவ எட்டாம இருக்கணும். உங்க வண்டி நகரத்துலயே 88 தொட்டுடுது, ஈசியூ திருப்தியாயிடுது.

உறுதி பண்ண: ராத்திரி முழுக்க ஆறின வண்டிய ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டருக்குப் போற பெரிய ஹோஸ்ல கை வைங்க (ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக் கூடாது). கூலண்ட் 80-க்கு மேல போற வரைக்கும் ஹோஸ் ஜில்லுனு இருக்கணும், அப்புறம் சட்டுனு சூடாகணும். 50, 60 காட்டும்போதே மெதுவா வெதுவெதுன்னு ஆனா வால்வு ஒழுகுது.

மாத்தினா எவ்வளவு ஏறும்னா, நெடுஞ்சாலையில ரெண்டு மூணு சதவீதம், காலைல சூடாகற நேரம் குறையறதால நகரத்துலயும் கொஞ்சம். மைலேஜவிட ஆயிலுக்குத்தான் இது முக்கியம். சூடு ஏறாத எஞ்சின்ல பெட்ரோல் ஆயில்ல கலந்து தங்கிடும், குறுகின ஓட்டம் ஓடற வண்டிக்கு அது ரெட்டை அடி. டிப்ஸ்டிக்ல மட்டம் ஏறிக்கிட்டே போகுதா, பெட்ரோல் வாடை வருதான்னு பாத்து, வந்தா கையேட்டுல சொன்ன தூரத்துல பாதியிலயே ஆயில் மாத்துங்க.

வேலை: எஞ்சின் நல்லா ஆறினப்புறம் மட்டும் மூடி திறக்கணும். பல எஞ்சின்ல தெர்மோஸ்டாட் பிளாஸ்டிக் ஹவுசிங்கோட ஒரே பாகமாத்தான் வரும். புது ஓ-ரிங், போல்ட்டுக்குக் கையேட்டுல உள்ள டார்க், அதிகம் இறுக்கினா ஹவுசிங் விரியும். கூலண்ட் அதே ரகம், டிஸ்டில்ட் வாட்டரோட பாதிக்குப் பாதி, இல்லன்னா முன்கூட்டியே கலந்து வர்றது. ஊத்தினப்புறம் காத்து எடுக்கறதுலதான் நிறைய பேர் கோட்டை விடுவாங்க: ப்ளீட் திருகு இருந்தா குமிழி இல்லாம ஒரே ஓட்டமா வர்ற வரை திறந்து வைங்க, ஹீட்டர முழு சூட்டுல போட்டு, ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கற வரைக்கும் ஐடில்ல விடுங்க. டர்போவுக்குன்னு தனி மின் கூலண்ட் பம்ப் இருந்தா அத ஸ்கேனர்ல இயக்கித்தான் காத்து முழுசா வெளிய வரும். ஆறினதும் மட்டம் பார்த்து நிரப்பி, நெடுஞ்சாலையில அதே 90-ல ஓட்டி எண்ணை இங்க போடுங்க. 88-க்கு மேல நிக்கணும்.